பேச்சு எப்போது கலந்துரையாடல் ஆகிறது?

காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழா வரப்போகிறது. யானையின் பிடரியில் முரசை ஏற்றி ஊருக்கு அறிவித்துக்கொண்டு போகிறான் ஒருவன். தோரணம் கட்டுங்கள், பழைய மணலை மாற்றிப் புது மணல் பரப்புங்கள் என்று வேலைகளை அடுக்கிக்கொண்டே வருபவன் நடுவில் இதையும் சொல்கிறான்:

"ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள்
பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்;
பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும்
செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்."

மணிமேகலையின் முதல் காதையில் வரும் வரிகள் இவை. தங்கள் சமயத்தின் பொருளை எடுத்துப் பேச வல்லவர்கள் பட்டிமண்டபத்தின் முறை தெரிந்து ஏறுங்கள். உங்களுக்கு ஆகாதவர்களோடு பேச நேர்ந்தாலும் பகையும் கலகமும் இல்லாமல் விலகிப் போங்கள் என்று பொருள். தெருவைச் சுத்தம் செய்வதும் ஒழுங்காகப் பேசுவதும் ஒரே அறிவிப்பில் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். ஒரு நகரம் நன்றாக இருக்க இரண்டும் வேண்டும் என்று சாத்தனார் காலத்தவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

நாமும் குறைவாகப் பேசுவதில்லை. வீட்டில், டீக்கடையில், அலுவலகத்தில், வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுக்கப் பேச்சுதான். ஆனால் பேசி முடித்து எழும்போது, உட்கார்ந்தபோது தெரியாத ஒன்று இப்போது தெரிகிறது என்று எத்தனை முறை சொல்ல முடிகிறது? பேசும் ஆட்கள் மோசமானவர்கள் என்பதால் இப்படி ஆவதில்லை. நாம் இப்போது செய்வது எந்த வகைப் பேச்சு என்று பார்க்காமலே பேச்சுக்குள் இறங்கிவிடுகிறோம்.

மூன்று வகைகள்

இந்தியத் தர்க்க மரபு இந்த வகைகளை மிகத் துல்லியமாகப் பிரித்து வைத்திருக்கிறது. கௌதமர் பெயரில் வழங்கும் நியாய சூத்திரம் கி.பி. முதல் சில நூற்றாண்டுகளுக்குள் உருவானது. இரண்டு பேர் எதிரெதிர் நிலை எடுத்துப் பேசுவதை அது மூன்றாகப் பிரிக்கிறது: வாதம், சல்பம், விதண்டை.

முதலாவது வாதம். அன்றாடப் பேச்சில் 'வாதம் பண்ணாதே' என்றால் சண்டை போடாதே என்று அர்த்தம். இந்த நூலிலோ அதுதான் மூன்றிலும் உயர்ந்தது. இருவரும் ஆளுக்கொரு நிலை எடுக்கிறார்கள், சான்றும் காரணமும் காட்டுகிறார்கள், மற்றவர் காட்டுவதைச் சோதிக்கிறார்கள். நோக்கம், எது உண்மை என்று தெரிந்துகொள்வது. நாம் கலந்துரையாடல் என்று சொல்ல விரும்புவது இதைத்தான்.

சல்பத்திலும் சான்றும் காரணமும் உண்டு. ஆனால் நோக்கம் வெற்றி. அதற்காகச் சொல்லைத் திரிக்கலாம், குதர்க்கம் பேசலாம், எதிராளி தடுமாறும் இடத்தில் பிடித்து அமுக்கலாம்.

விதண்டை என்பது சல்பத்தில் ஒரு பாதி. எதிராளி சொல்வதை உடைப்பது மட்டுமே வேலை. 'அப்படியானால் உன் நிலை என்ன?' என்று கேட்டால் பதில் இருக்காது. விதண்டாவாதம் என்று நம் வீடுகளில் இன்றும் திட்டுகிறோமே, அதேதான்.

விளக்கத்தைவிட எடுத்துக்காட்டில் இது தெளிவாகும். ஒரு குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் நெல் வயல், ஒரு கிணறு. அப்பாவால் இனி வயலைப் பார்க்க முடியாது. தம்பி அக்காவிடம் பேச்செடுக்கிறான். விதண்டையாக அது இப்படிப் போகும்:

"அக்கா, நெல்ல விட்டுட்டுத் தென்ன வெச்சிரலாம்னு பாக்குறேன்."
"அதெல்லாம் சரிவராது."
"ஏன்க்கா?"
"தென்ன வெச்சவங்க எல்லாம் என்னத்த கண்டாங்க?"
"அப்ப நெல்லே போடுவோமா?"
"நெல்லுல மட்டும் என்ன மிஞ்சுச்சு?"
"குத்தகைக்கு விட்டுரலாமா?"
"விட்டா நெலம் திரும்பி வருமா?"

அக்கா சொன்ன ஒவ்வொன்றிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் எதையும் முன்வைக்கவில்லை, அதனால் அவரை யாரும் சோதிக்க முடியாது. தம்பி மட்டும் வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

சல்பமாக:

"தென்ன வெச்சிரலாம்க்கா."
"நீ கடைசியா எப்படா வயல்ல கால வெச்ச? யோசன சொல்ல வந்துட்ட."
"நீ மட்டும் கல்யாணமாகிப் போனதுக்கப்புறம் எத்தன தரம் வந்து எட்டிப் பாத்த?"
"மாமா தோப்பு காஞ்சு நிக்குதே, அதுக்கு என்ன சொல்ற?"
"அது வண்டு விழுந்து போச்சு. வெவசாயம் தெரிஞ்சாத்தானே உனக்கு அதெல்லாம் புரியும்."

இங்கே ஒரு நல்ல தகவல் வந்துவிட்டது: மாமாவின் தோப்பு காய்ந்த செய்தி. ஆனால் அது தம்பியை மடக்கவே வந்தது. தோப்பு ஏன் காய்ந்தது என்று இருவருக்குமே தெரிந்துகொள்ள ஆசை இல்லை.

இனி வாதம்:

"ஏன்டா தென்ன?"
"நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கெடைக்கலக்கா. தென்னைக்கு அவ்வளவு ஆள் வேணாம்."
"அப்ப வருமானம் கூட வரும்னு சொல்லல. ஆள் இல்லங்கறதுக்காகத்தான் சொல்ற. சரிதானே?"
"ஆமா. வருமானம் கொஞ்சம் கொறஞ்சாக்கூடப் பரவால்ல."
"நெட்ட மரம் காய்ப்புக்கு வர ஆறேழு வருசம் ஆகுமே. அதுவரைக்கும் அப்பா அம்மா செலவுக்கு?"
"ஊடுபயிர் போடலாம்னு நெனச்சேன்."
"அதுக்கும் ஆள் வேணுமேடா."
"ஆமால்ல. அத நான் யோசிக்கல."
"கோடையில கெணறு தாங்குமா? மாமா தோப்பு தண்ணி இல்லாமத்தான் போச்சுன்னாங்க."
"வண்டு விழுந்துதுன்னுல்ல கேள்விப்பட்டேன்."
"ரெண்டுமாக்கூட இருக்கலாம். மாமாகிட்டயே கேப்போம்."

அக்கா இதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. முந்தைய இரண்டு பேச்சையும்விடக் கடுமையாகத் தம்பியின் யோசனையைச் சோதித்திருக்கிறார். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மரியாதையாகப் பேசுவதையே கலந்துரையாடல் என்று நினைத்துக்கொள்வது இந்த விஷயத்தில் நாம் செய்யும் மிகப் பெரிய பிழை என்பது என் எண்ணம். 'நீங்க சொல்றதும் சரிதான்' என்று மாலை முழுக்க இருவர் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு, தத்தம் எண்ணத்தை அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அங்கே சண்டை இல்லை, வாதமும் இல்லை. வேறொரு வீட்டில் குரல் உயர்ந்திருக்கலாம். ஆனாலும் ஒருவர் சொன்னது மற்றவரின் அடுத்த வாக்கியத்துக்குள் நுழைந்திருந்தால் அங்கே வாதம் நடக்கிறது. மேலே உள்ள மூன்றாவது பேச்சில் 'ஆள் இல்லை' என்ற தம்பியின் காரணத்தையே எடுத்து ஊடுபயிர் யோசனையை அக்கா சோதிக்கிறார். அந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். யார் சொன்ன காரணம் என்ற எல்லை அங்கே அழிந்துவிட்டது.

எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்வது

"ஆள் இல்லங்கறதுக்காகத்தான் சொல்ற, சரிதானே?" என்று அக்கா கேட்டது சின்ன விஷயமாகத் தோன்றும். பழைய விவாத மன்றங்களில் இது ஒரு விதியாகவே இருந்தது. நியாய சூத்திரம் தோல்வியின் அடையாளங்கள் என்று 22 இடங்களைப் பட்டியலிடுகிறது. நிக்கிரகத்தானம் என்பது அவற்றின் பெயர். அதில் ஒன்று: எதிராளி ஒன்றை மூன்று முறை சொல்லி, அவையோருக்கும் அது புரிந்துவிட்ட பிறகும், அதை உன்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால் நீ தோற்றாய். மறுப்பது அப்புறம். என்ன சொல்லப்பட்டது என்பதையே நீ வாங்கிக்கொள்ளவில்லையே!

தத்துவ நூல்களும் இப்படியே எழுதப்பட்டன. முதலில் பூர்வபக்கம், அதாவது எதிர்த்தரப்பு சொல்வது. பிறகே தன் பக்கம். தமிழில் இதற்குப் பெரிய சான்று 13-ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார். பரபக்கம் என்று ஒரு பகுதி முழுக்கப் பிற சமயக் கொள்கைகளை எடுத்துச் சொல்லி மறுப்பதற்கு. சுபக்கம் என்ற மறு பகுதி தன் கொள்கைக்கு. மறுப்பதற்கென்றே எழுதினாலும், அந்தக் கொள்கை என்ன என்று வாசகருக்குச் சொல்லாமல் அவர் மறுக்கவில்லை.

இன்றைக்கு யாரும் இதைச் செய்து பார்க்கலாம். அடுத்த முறை கருத்து மாறுபடும்போது, பதில் சொல்வதற்கு முன் அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் சொல்லி 'இதுதானே?' என்று கேளுங்கள். பல நேரம் 'இல்லை, நான் சொன்னது அது இல்லை' என்பார். பாதிப் பிணக்கு அங்கேயே கரைந்துவிடும்.

இருவருக்கும் தெரிந்த அடுக்களை

மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி மணிமேகலைக்கு அளவை நூல், அதாவது தர்க்கம், சொல்லிக் கொடுக்கிறார். அங்கே வரும் எடுத்துக்காட்டு தர்க்கம் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்தது. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது; ஏனென்றால் புகை இருக்கிறது; அடுக்களையைப் போல; இந்த மலையிலும் அப்படிப் புகை இருக்கிறது; ஆகவே நெருப்பு இருக்கிறது. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து படிகள்.

நடுவில் அடுக்களை எதற்கு? மலையில் என்ன இருக்கிறது என்பதில்தான் நமக்குள் கருத்து வேறுபாடு. அங்கே போய்ப் பார்க்கவும் முடியவில்லை. ஆனால் நீங்களும் நானும் அடுக்களையைப் பார்த்திருக்கிறோம், புகை இருந்த இடத்தில் நெருப்பு இருந்ததைக் கண்டிருக்கிறோம். திட்டாந்தம் என்பதற்கு நியாய சூத்திரம் சொல்லும் இலக்கணம் என்னை எப்போதும் கவர்வது: சாதாரண மனிதருக்கும் ஆராய்ந்து பார்ப்பவருக்கும் எந்தப் பொருளில் ஒரே எண்ணம் இருக்கிறதோ அதுதான் திட்டாந்தம். நிபுணர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த எடுத்துக்காட்டு செல்லாது. வேறுபடுகிற இருவருக்கும் பொதுவான ஓர் இடம் வேண்டும். அங்கிருந்தே வேறுபாட்டை நோக்கி நடக்க முடியும்.

அக்கா, தம்பி பேச்சில் அந்தப் பொது இடம் மாமாவின் தோப்பு. இருவரும் பார்த்த ஒன்று. அது காய்ந்ததற்குக் காரணம் என்ன என்பதில்தான் வேறுபாடு, அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பொது இடம் கிடைக்காமலே போகும் பேச்சுகளும் உண்டு. சான்று என்று எதை ஏற்பது என்பதிலேயே இருவரும் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான். செய்தித்தாளில் வந்தால் போதுமா, கண்ணால் பார்க்க வேண்டுமா, பெரியவர்கள் சொன்னால் சான்றாகுமா? இந்திய மெய்யியல் பள்ளிகள் பலவும் தங்கள் நூல்களில் அளவைகளை, அதாவது எவை சான்றாகும் என்பதை, முன்கூட்டியே பேசிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

குறுக்கு வழிகள்

இவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம், எல்லோரும் அனுபவித்தவைதான். 'ஊரே சிரிக்குது' என்று ஒருவர் சொன்னால் 'ஊர் எங்கயாவது சிரிக்குமா?' என்று சொல்லைப் பிடித்துக்கொள்வதற்குச் சலம் என்று பெயர். அதில் மூன்று வகை. மேலோட்டமான ஒப்புமை காட்டிக் குழப்புவதற்குச் சாதி என்று பெயர்; குலத்தைக் குறிக்கும் சொல் அல்ல இது. அதில் 24 வகை. நிக்கிரகத்தானப் பட்டியலில் பேச்சை வேறு பொருளுக்குத் திருப்புவதும், தன் நிலையைச் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்வதும் உண்டு. 'எனக்கு அவசர வேலை இருக்கிறது' என்று நடுவில் எழுந்து போவதும் உண்டு! இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே இதையும் கவனித்து எழுதி வைத்தவர்களை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

முக்கியமானது இதுதான்: வாதத்தில் இந்த 22-ஐயும் எடுத்து வீசுவதில்லை. பொய்யான காரணம் காட்டினால், தன் கொள்கைக்கே முரணாகப் பேசினால் சுட்டிக்காட்ட வேண்டும். உண்மை அறிவதை அது கெடுக்கும். எதிரில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் பதில் தோன்றவில்லை என்பதற்காக அவரைத் தோற்றவர் என்று அறிவிப்பதில் உண்மைக்கு எந்த இலாபமும் இல்லை.

மருத்துவர்கள் பேசிக்கொண்ட விதம்

தர்க்க அறிஞர்களைப் போலவே மருத்துவர்களும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சரக சம்கிதை என்ற பழைய ஆயுர்வேத நூலின் விமானத்தானம் என்ற பகுதியில், ஒரே துறை அறிந்தவர்கள் தங்களுக்குள் உரையாடுவது பற்றி நீண்ட பகுதி இருக்கிறது. இணக்கமாகப் பேசுவது, மோதிப் பேசுவது என்று இரண்டு வகை. இணக்கமான பேச்சுக்கு ஆள் எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது: அறிவுள்ளவர், கோபப்படாதவர், பொறாமை இல்லாதவர், எடுத்துச் சொன்னால் கேட்பவர், தானும் எடுத்துச் சொல்லத் தெரிந்தவர். அப்படிப்பட்டவரிடம் தயங்காமல் கேள், தயங்காமல் பதில் சொல். தோற்றுவிடுவோமோ என்று கலங்காதே, அவர் தோற்றால் மகிழாதே.

மருத்துவர்களுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று யோசித்தால் புரியும். பேச்சில் யார் வென்றாலும் கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியின் உடம்பு அந்த வெற்றிக்குக் கட்டுப்படாது.

அதே நூலின் சூத்திரத்தானம் என்ற பகுதியில் ஒரு காட்சி. மனிதனும் அவனுக்கு வரும் நோயும் ஒரே மூலத்திலிருந்து பிறக்கின்றனவா என்ற கேள்வி முனிவர்கள் அவையில் எழுகிறது. ஒருவர் ஆன்மா என்கிறார், ஒருவர் மனம் என்கிறார், இன்னொருவர் வினை, வேறொருவர் காலம். ஒவ்வொருவரும் முன்னவரை மறுக்கிறார்கள். கடைசியில் புனர்வசு ஆத்திரேயர் சொல்கிறார்: இப்படிப் பேசாதீர்கள், ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டவர்கள், முடிவு தெரிந்துவிட்டது போலப் பேசிப் பேசி, செக்கைச் சுற்றுபவர்போல அங்கேயே சுற்றுவார்கள், போய்ச் சேரமாட்டார்கள்.

அரசரோடு பேசலாமா?

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒரே ஒரு விஷயம் கெடுத்துவிடும்: பேசுபவர்களில் ஒருவர் கையில் அதிகாரம் இருப்பது.

கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் பஞ்சாப் பகுதியை ஆண்ட கிரேக்க அரசர் மெனாண்டர். பாலி நூல் அவரை மிலிந்தர் என்கிறது. நாகசேனர் என்ற பிக்குவோடு உரையாட விரும்புகிறார். நாகசேனர் ஒரு நிபந்தனை வைக்கிறார்: அறிஞர்கள் பேசுவதுபோலப் பேசுவீர்கள் என்றால் சரி, அரசர்கள் பேசுவதுபோல என்றால் மாட்டேன். என்ன வேறுபாடு என்று அரசர் கேட்கிறார். அறிஞர்கள் பேசும்போது சிக்கலை அவிழ்ப்பார்கள், மறுப்பார்கள், திருத்துவார்கள், பிரித்துக் காட்டுவார்கள், அதற்காகக் கோபப்படமாட்டார்கள். அரசர்கள் ஒன்றைச் சொல்வார்கள், அதை ஏற்காதவருக்குத் தண்டனை கொடுக்கச் சொல்வார்கள்.

மிலிந்தரின் பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அறிஞராகவே பேசுகிறேன் என்கிறார். ஒரு பிக்குவோடு, சாமணேரர் எனப்படும் இளந்துறவியோடு, இல்லறத்தாரோடு, துறவிகள் தங்கும் ஆராமத்தில் வேலை செய்பவரோடு பேசுவதுபோல என்னோடு அச்சமில்லாமல் பேசுங்கள் என்கிறார். நிபந்தனையைக் கேட்கும் துணிவு பிக்குவுக்கு இருந்தது. அதைவிட, தன் பதவியைக் கழற்றி வைக்கும் பொறுப்பு தன்னுடையது என்று அரசருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுப் பெரியவர் 'எல்லாரும் அவங்கவங்க அபிப்பிராயத்தச் சொல்லுங்க' என்று சொல்லிவிட்டு, மாற்றிச் சொன்ன மருமகளிடம் இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தால், அங்கே நடந்தது அரசரின் பேச்சு. அலுவலகக் கூட்டத்தில் மேலாளர் முதலில் தன் கருத்தைச் சொல்லிவிட்டு மற்றவர்களைக் கேட்பதும் அதுதான். இதற்கு ஆகும் காரியங்கள் எளியவை: அதிகாரம் உள்ளவர் கடைசியாகப் பேசலாம், மறுத்தவருக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்லலாம். கீழே இருப்பவரிடம் போய் 'தைரியமா பேசுப்பா' என்று சொல்வதால் மட்டும் எதுவும் மாறாது.

பட்டிமன்றம் கலந்துரையாடலா?

தமிழ் வாசகர் கேட்கக்கூடிய கேள்வி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாம் ரசிக்கும் பட்டிமன்றம் ஓர் அழகான மேடைக்கலை. ஆனால் அணி முன்பே பிரிக்கப்பட்டுவிட்டது. ஒருவர் பாதியில் எழுந்து 'எதிரணி சொன்னது சரி, நான் மாறிக்கொள்கிறேன்' என்று சொல்ல அங்கே இடமில்லை. மாறக்கூடிய வழி அடைக்கப்பட்ட பேச்சு கலந்துரையாடல் ஆகாது. வழக்குமன்றத்தில் வழக்கறிஞரின் வாதமும் அப்படியே. கட்சிக்காரருக்காகப் பேசுவது அவர் கடமை, எடைபோடுவது நீதிபதியின் வேலை.

அப்படியானால் சல்பமும் விதண்டையும் எப்போதுமே தவறா? கௌதமரே இல்லை என்கிறார். முளைவிட்ட பயிரைக் காக்க முள் வேலி போடுவதுபோல, அறிந்த உண்மையைக் காக்க அவை பயன்படும் என்கிறது அவர் சூத்திரம். ஏமாற்றுவதற்கென்றே வருபவரிடம் வாதம் செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால் நாம் எல்லோருமே எதிரில் வருபவரை அப்படிப்பட்டவர் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவுசெய்துவிடுகிறோம். வேலி போடுவதற்கு முன், அவர் பயிரை மேய வந்தவரா பார்க்க வந்தவரா என்று ஒரு கேள்வியாவது கேட்டுப் பார்ப்பது நல்லது.

'தெரியாது' என்ற சொல்

பௌத்த மரபில் குண்டலகேசியின் கதை இருக்கிறது. ஊர் ஊராகப் போய், மணலைக் குவித்து அதில் நாவல் கிளை ஒன்றை நட்டுவைப்பாள். தன்னோடு விவாதிக்க விரும்புபவர் அதை மிதிக்கலாம் என்பது அறைகூவல். சாவத்தி நகரில் புத்தரின் சீடர் சாரிபுத்தர் அந்த அறைகூவலை ஏற்கிறார். அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறார். பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்: 'ஒன்று என்பது எது?' தெரியவில்லை என்கிறாள். அவரிடமே கற்றுக்கொள்ள நிற்கிறாள். அவள் கதையைச் சொன்ன தமிழ்க் காப்பியம் நமக்குச் சில பாடல்களாக மட்டுமே கிடைத்திருக்கிறது.

தோற்றவள் என்று அவளை நினைக்க எனக்கு மனம் வரவில்லை. அதுவரை அவள் செய்தது சல்பம். 'தெரியவில்லை' என்ற அந்த நொடியில் அவளுக்கு வாதம் தொடங்குகிறது. மூன்றாவது பேச்சில் தம்பி சொன்ன 'அத நான் யோசிக்கல' என்பதும் அதே வகைச் சொல். அது வராத பேச்சில் இருவரும் ஏற்கனவே தெரிந்ததைத்தான் பரிமாறிக்கொள்கிறார்கள்.

முடிவே வராவிட்டால்?

பெரும்பாலும் வராது. தென்னையா நெல்லா என்று அக்காவும் தம்பியும் அன்றைக்கு முடிவு செய்யவில்லை. ஆனால் பேச்சு தொடங்கும்போது இருந்த கேள்வி 'தென்னை வைக்கலாமா' என்பது. முடியும்போது அது மூன்று கேள்விகளாகப் பிரிந்திருக்கிறது: ஆறேழு வருடச் செலவுக்கு வழி என்ன, குறைந்த ஆளை வைத்துச் செய்யக்கூடிய ஊடுபயிர் எது, கோடையில் கிணறு தாங்குமா. முதலாவதற்குக் குடும்பம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். இரண்டாவதை வேளாண்மை அலுவலரிடம் கேட்கலாம். மூன்றாவதற்கு மாமாவிடம் பேசிவிட்டு, வருகிற சித்திரை வைகாசியில் கிணற்றில் கயிறு விட்டு அளந்து பார்க்க வேண்டும். அளப்பதற்குத் தம்பி போவான். மாமாவிடம் அக்கா பேசுவார்.